படகு லிஃப்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் கரையைப் பாருங்கள்

கொட்டேஜ் வாங்கிய கையோடு படகும் வாங்கிவிட்ட நம்மவர்கள் அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்: லிஃப்ட் போடத்தான் வேண்டுமா, போட்டால் எதைப் போடுவது? லிஃப்ட் என்றால், படகு ஓடாத வேளையில் அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கும் மேடையும் சட்டகமும். ஒன்ராறியோ ஏரிக்கரைகளை மனதில் வைத்து எழுதுகிறேன், அதாவது கவார்த்தா, ஹாலிபர்ட்டன், மஸ்கோகா, சிம்கோ பக்கம். புளோரிடாவில் உப்புத்தண்ணீர், புயல், தூணில் கட்டும் லிஃப்ட் என்று கதையே வேறு, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. படகை டொக்கோடு (கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் பலகைத் துறை) கட்டி வைத்தால், பக்கத்தால் ஒருவர் வேகமாகப் போகும்போதெல்லாம் அது டொக்கில் இடிபடும். கோடை முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் அடியில் பாசி வழுக்கலாகப் படரும், ஃபைபர்கிளாஸ் படகென்றால் நாள்படக் கொப்புளமும் வரலாம். ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரில் ஏற்றி இறக்கலாம்தான், ஆனால் யூலை மாதத்துச் சனிக்கிழமை காலையில் பொது இறங்குதுறை வரிசையில் ஒருதரம் நின்றவர் அதைப் பற்றிப் பிறகு கதைக்க மாட்டார். மாதத்தில் ஒருநாள்தான் படகு ஓடும் என்றால் லிஃப்ட் வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் ஓடுமென்றால் போடுங்கள்.

கடையில் முதலில் "என்ன படகு?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. உங்கள் கரையில் தண்ணீர் எவ்வளவு ஆழம், அது எவ்வளவு ஏறி இறங்கும், அடியில் சேறா மணலா பாறையா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று கேட்காமலே ஒருவர் லிஃப்ட் விற்க வந்தால் வேறு கடை பாருங்கள்.

தண்ணீர் எங்கே போகிறது

மே மாதத்தில் டொக் நுனியில் நின்று ஒரு கம்பை விட்டு அளந்து, ஐந்தடி இருக்கிறது, போதும் என்று முடிவெடுத்தால் செப்ரெம்பரில் மாட்டிக்கொள்வீர்கள். ஹாலிபர்ட்டன் பக்கத்து ஏரிகள் பல, ட்ரெண்ட்-செவர்ன் நீர்வழிக்குத் தண்ணீர் கொடுக்கும் தேக்கங்கள். ட்ரென்டனில் தொடங்கி ஜோர்ஜியன் விரிகுடாவில் போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீற்றர் ஓடும் அந்த நீர்வழியில் படகுகள் தட்டாமல் போகவேண்டும் என்பதற்காக, வசந்தத்தில் இந்த ஏரிகளை நிரப்பி வைத்துக் கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். அதனால் மேலே உள்ள சில ஏரிகளில் கோடை முடிவதற்குள் ஒரு மீற்றருக்கு மேல் இறங்கிவிடும், கீழே பிஜன், ஸ்ரேர்ஜன், பக்ஹோர்ன் போன்ற ஏரிகளில் மட்டம் பெரிதாக மாறாது. ஒரே நீர்வழித் தொகுதிக்குள் இவ்வளவு வித்தியாசம். ஜோர்ஜியன் விரிகுடாவில் வீடென்றால் ஒரு வருடக் கணக்குப் போதாது: அந்த விரிகுடா சேர்ந்திருக்கும் ஹியூரன் ஏரி 2013 ஜனவரியில் பதிவிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்குப் போனது, 2020 கோடையில் அதைவிட ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயரத்தில் நின்றது. இரண்டுக்கும் ஈடுகொடுக்கிற லிஃப்டா என்று கேளுங்கள்.

ஆகவே ஓகஸ்ட் கடைசியில் அளவெடுங்கள். அதற்கு முன்பே வாங்க வேண்டுமென்றால், அந்த ஏரியில் நீண்ட நாள் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் "செப்ரெம்பரில் தண்ணீர் எதுவரை நிற்கும்?" என்று கேளுங்கள், டொக்கின் காலைக் காட்டி இதுவரை என்று சொல்லிவிடுவார். அளப்பது டொக் நுனியில் மட்டும் இல்லை. லிஃப்டின் நாலு கால்களும் எங்கே வந்து நிற்குமோ அந்த நாலு இடத்திலும் அளக்க வேண்டும், ஏனென்றால் சரிவு கூடினால் முன்காலுக்கும் பின்காலுக்கும் இரண்டடி வித்தியாசம்கூட வரும். மேடையை முழுதாக இறக்கிவிட்ட நிலையில், படகு தட்டாமல் மிதந்து உள்ளே வரவேண்டும். மேடையின் தடிப்பு, அதன் மேல் படகு உட்காரும் தாங்கு கட்டைகளின் உயரம், படகு தண்ணீருக்குள் அமிழும் அளவு, இந்த மூன்றையும் கூட்டி அதற்கு மேல் ஒரு சாண் வைத்தால் உங்களுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆழம் கிடைக்கும்.

அளக்கும்போதே கம்பை அழுத்திப் பாருங்கள். அரையடி சேற்றுக்குள் போகிறதென்றால் காலுக்கு அகலமான பாதம் வேண்டும், இல்லாவிட்டால் படகு ஏறிய பாரத்தில் ஒரு கால் மட்டும் புதைந்து முழுச் சட்டகமும் சரியும். பாறை என்றால் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எந்த வகை

ஆழம் குறைந்த, பெரிதாக மாறாத கரைக்குக் கான்ரிலீவர் வகை போதும். இரண்டு சோடிக் கைகள் ஊஞ்சல்போல் படகை முன்னோக்கி வளைத்துத் தூக்கும், பாகங்கள் குறைவு, விலையும் குறைவு, ஆனால் தூக்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீற்றர்தான். மட்டம் ஏறி இறங்குகிற இடத்துக்கும் பாரமான படகுக்கும் நாலு மூலையிலும் கேபிள் போட்டு நேராக மேலே தூக்கும் வகைதான் சரி, நம் பக்கத்தில் கூடுதலாகப் பார்ப்பதும் அதைத்தான். ஹைட்ரோலிக் வகையில் கேபிள் தொல்லை இல்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், விலை மட்டும் ஒரு நல்ல பழைய காரின் விலைக்குப் போகும். கரையிலிருந்தே திடீரென்று ஆழமாகப் போகிற மஸ்கோகா பாறைக் கரைகளில் கால் ஊன்ற இடமே இருக்காது. அங்கே காற்றுத் தொட்டிகளால் மிதக்கும் லிஃப்டைத்தான் டொக்கோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அந்த டொக்கும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும்.

வாங்க முன் அனுமதி விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். ட்ரெண்ட்-செவர்ன் நீர்வழியில் உள்ள ஏரியென்றால் பார்க்ஸ் கனடாவிடம், மற்ற ஏரிகளில் மாகாண இயற்கைவள அமைச்சிடம், இரண்டுக்கும் மேலாக உங்கள் நகரசபையிடம். கரை உங்களுடையது, தண்ணீருக்கு அடியில் உள்ள நிலம் அநேகமாக உங்களுடையது இல்லை.

பாரக் கணக்கு

பிரசுரத்தில் போட்டிருக்கும் "உலர் எடை"யை வைத்து லிஃப்ட் எடுக்காதீர்கள். அவுட்போர்ட் படகுகளில் (மோட்டரைப் பின்சுவரில் வெளியே மாட்டுபவை) பலவேளை அந்த எடையில் மோட்டரே சேராது. ஒரு உதாரணம் போடுவோம்: 18 அடிப் படகு, உலர் எடை 1,000 கிலோ. 115 குதிரைவலு மோட்டர் 165 கிலோ அளவு வரும். 120 லீற்றர் பெற்றோல் 90 கிலோ. பற்றரி 25. நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கிகள், பிள்ளைகளை இழுக்கிற ரியூப், ஐஸ்பெட்டி என்று குறைந்தது 80. மொத்தம் 1,360 கிலோ. அதற்கு மேல் இருபது வீதம் கூட்டினால் 1,630 கிலோ, இங்கே லிஃப்டுகள் இறாத்தலில்தான் விற்கப்படுவதால் 3,600 இறாத்தல். ஆக 4,000 இறாத்தல் லிஃப்ட் எடுக்க வேண்டும், 3,000 இறாத்தல் லிஃப்டை மலிவாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் பெரிய படகு எடுக்கிற யோசனை இருந்தால் (எல்லாருக்கும் இருக்கும்) அதற்கும் சேர்த்தே இப்போது எடுப்பது மலிவு.

இந்தக் கணக்கில் பலரும் விடுவது மழை. ஐந்து மீற்றர் நீளம் இரண்டு மீற்றர் அகலமான திறந்த படகில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர் தண்ணீர், அதாவது அரைத் தொன். நீங்கள் ஸ்காபரோவில் வேலையில் இருக்கும்போது, தூக்கி நிறுத்திய படகில் இது நடக்கும். பீற்றர்பரோவில் 1904இல் திறந்த லிஃப்ட் லொக்கைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய 20 மீற்றர் உயரத்துக்குப் படகுகளைத் தூக்குவது. அங்கே படகு ஏறும் இரண்டு தொட்டிகள் தராசுபோல் ஒன்று ஏற ஒன்று இறங்கும். மேலே உள்ள தொட்டியில் ஒரு அடித் தண்ணீர் கூடுதலாக விடுவார்கள், அவ்வளவுதான், அந்தப் பாரத்தில் அது இறங்க மற்றத் தொட்டி படகோடு மேலே வந்துவிடும். ஒரு அடித் தண்ணீர் அந்த இராட்சதத் தொட்டியையே அசைக்குமென்றால் உங்கள் வீட்டுக் கேபிளை என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஆகவே படகு லிஃப்டில் ஏறியதும் பின்பக்கத்து வடிகால் தக்கையைக் கழற்றிவிடுங்கள், பின்பக்கம் ஒரு துளி தாழ்வாக நிற்கட்டும், தண்ணீர் தானாக ஓடிவிடும். கழற்றிய தக்கையைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கொழுவி வையுங்கள். தக்கையைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாதென்றால் தக்கை இல்லாமல் படகை இறக்கிவிடுகிற கூத்து நடக்காது.

வேக்போர்ட் படகு வைத்திருப்பவர்கள் அலை எழுப்பவென்று நிரப்பும் தொட்டிகளை வெறுமையாக்கிவிட்டுத்தான் லிஃப்டில் ஏற்ற வேண்டும். பல நூறு கிலோத் தண்ணீர் அது.

படகு உட்காரும் இடம்

படகின் பாரத்தில் பெரும்பகுதி பின்னால்தான், மோட்டர் அங்கே இருப்பதால். எனவே தாங்கு கட்டைகள் படகின் பின்சுவர் வரை, முடிந்தால் அதைத் தாண்டி ஒரு விரலளவு நீண்டிருக்க வேண்டும். பின்பக்கம் அந்தரத்தில் தொங்கினால் நாள்பட அடிப்பகுதி வளைந்து படகின் ஓட்டமே மாறிவிடும். வீ வடிவ அடியென்றால் உள்ளே ஓடும் பலப்பட்டைகளுக்கு நேர் கீழே கட்டைகள் வரவேண்டும். பொன்டூன் படகுக்கு (குழாய்களின் மேல் மிதக்கும் தட்டையான படகு) அந்தக் கட்டைகள் சரிவராது, குழாய்களையே ஏந்துகிற தனித் தாங்கிகள் வேண்டும், அவை இல்லாத லிஃப்டில் பொன்டூனை ஏற்றினால் குழாய் நசியும்.

அலுமினியப் படகுக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கட்டை உக்கிப்போகாமல் இருக்க மருந்தேற்றிய மரத்தில் செம்பு இருக்கும், அதன் மேல் கம்பளம் ஒட்டியிருந்தால் அது எப்போதும் ஈரமாகவே கிடக்கும், செம்பும் ஈரமும் அலுமினியமும் சேர்ந்தால் உலோகம் சின்னச் சின்னக் குழியாக அரிபடும். வருடத்தில் ஒருதரமாவது படகை இறக்கி, கட்டை தொட்ட இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக வெள்ளைப் பொடி ஒட்டினால் அதுதான். கம்பளத்தை எடுத்துவிட்டு வைனில் உறை போடுவது நல்லது.

சட்டகத்தை இறக்கும்போது முன்பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும், எங்கள் பக்கத்தில் அநேகமாக மேற்கு அல்லது வடமேற்கு. காற்றை எதிர்த்து மெதுவாக உள்ளே வருவது சுகம், காற்று பின்னால் தள்ளிக்கொண்டு வந்தால் புதுசாக ஓட்டுபவருக்கு நிறுத்தத் தெரியாது. முதல் முறை படகைச் சமநிலையாக வைத்துத் தூக்கியதும் முன்தடுப்பை அந்த இடத்தில் இறுக்கிவிடுங்கள். பிறகு யார் ஓட்டிவந்தாலும் தடுப்பில் முட்டினால் சரியான இடம். அப்படி இல்லாமல் ஒருநாள் முன்னே ஒருநாள் பின்னே என்று நிறுத்தினால் ஒரு மூலைக் கேபிள் மட்டும் மற்றவற்றின் பாரத்தையும் சுமக்கும்.

மின்சாரம்: இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்

சின்னப் படகென்றால் கைச்சக்கரம் போதும். கை வலிக்குமென்றால் சூரியத்தகடும் 12 வோல்ட் மோட்டரும் போடுங்கள், வார இறுதிப் பாவனைக்குத் தாராளம். வீட்டு 120 வோல்ட் மின்சாரத்தை டொக் வரை இழுப்பதென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மட்டும் செய்யுங்கள், மாகாண மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துப் பரிசோதனையும் முடிய வேண்டும், கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ கட்டாயம். மச்சான் வயர் இழுப்பார், எல்லாம் தெரிந்தவர் என்ற கதை இங்கே வேண்டாம். நன்னீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, மனித உடல் அதைவிட நன்றாகக் கடத்தும், அதனால் கசிகிற மின்சாரம் நீந்துகிற ஆளின் உடலுக்குள்ளால்தான் போகும். தசை இறுகிக் கை கால் அசையாது, சத்தம் போடக்கூட முடியாமல் ஆள் மூழ்கிவிடுவார். மின்சாரம் போகும் டொக்கின் பக்கத்தில் பிள்ளைகளை நீந்த விடாதீர்கள். யாராவது தண்ணீரில் ஷொக் அடிப்பதுபோல் உடம்பு கூசுகிறது என்று சொன்னால் பாயாதீர்கள், முதலில் மெயினை நிறுத்துங்கள், வந்த வழியே டொக்கை விட்டு விலகி நீந்தச் சொல்லுங்கள்.

லிஃப்டுக்கு அடியில் விளையாடுவதும் அப்படித்தான். படகு தூக்கியிருக்கும்போது அதன் கீழே ஒருவரும் போகக்கூடாது, தூக்கும்போதும் இறக்கும்போதும் படகுக்குள் ஆள் இருக்கக்கூடாது. கைச்சக்கரத்தைக் கையால் பிடித்து இறக்குங்கள், தானாகச் சுழல விடாதீர்கள். பாரத்தோடு சுழல்கிற சக்கரத்தை இடையில் பிடிக்கப் போனால் கை முறியும்.

பராமரிப்பு என்றால் பாதி கேபிள்தான்

மாதம் ஒருதரம் படகை இறக்கி, பாரமில்லாத நிலையில் ஒரு பழைய துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். துணி எங்கேயாவது சிக்கினால் அங்கே ஒரு இழை அறுந்து முள்ளாக நிற்கிறது. வெறுங்கையால் செய்யாதீர்கள், அந்த இழை ஊசிதான். ஒரு இடம் தட்டையாக நசிந்திருந்தாலும், முறுக்கு விரிந்திருந்தாலும், சிவப்புத் துரு உள்ளிருந்து கசிந்தாலும் மாற்றிவிடுங்கள். கூடுதலாகத் தேய்வது கப்பியைச் சுற்றி வளைகிற இடமும் நுனியில் கொளுவியிருக்கிற இடமும்தான், அங்கே நின்று வடிவாகப் பாருங்கள். துத்தநாகம் பூசிய கேபிளென்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருதரம் மாற்றுவது பழக்கம். துருப்பிடிக்காத எஃகு கூட நாள் உழைக்கும், ஆனால் அது வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே பலவீனப்படும், பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

கப்பிகள் தூக்கும்போது சுழல்கின்றனவா என்று பாருங்கள். சுழலாமல் இறுகிய கப்பி மேல் கேபிள் அரைபட்டு அறுந்துவிடும், அரைவாசிக் கேபிள் பிரச்சினைக்குக் காரணமே அந்தக் கப்பிதான். வின்ச்சின் (கேபிளைச் சுற்றி இழுக்கும் கருவி) பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் போடுங்கள், அதே உற்சாகத்தில் பிரேக் தட்டுக்குள்ளும் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், அது உலர்ந்திருந்தால்தான் படகைப் பிடித்து நிறுத்தும். உருளையில் கேபிள் ஒழுங்காகப் பக்கம் பக்கமாகச் சுற்ற வேண்டும், முழுதாக இறக்கினாலும் இரண்டு மூன்று சுற்றாவது உருளையில் மிஞ்ச வேண்டும். நீர்மட்டமானியை மேடையில் வைத்து நாலு மூலையும் சமமா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கூரைத் துணி போட்டிருந்தால் அதன் கட்டுகளையும் பாருங்கள், பெருங்காற்று வரும் என்று அறிவித்தால் கழற்றிவிடுவது நல்லது, படகில்லாத வெறும் சட்டகத்தைக் கூரையோடு காற்று தூக்கிப் புரட்டிவிடும். உள்ளங்கையளவு டொக் சிலந்திகள் அந்தக் கூரைக்குக் கீழேதான் குடியிருக்கும். ஒன்றும் செய்யாது, ஆனால் விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குளிர்காலம்

ஒக்ரோபர் தாங்ஸ்கிவிங் வார இறுதியோடு படகை எடுத்துவிட்டால் லிஃப்டும் வெளியே வரவேண்டும். உறைந்த ஏரி நிற்கிறபடி நிற்கும் என்று நினைக்காதீர்கள், ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்து காற்றுக்கு நகரும்போது பலகை பலகையாக வந்து மோதும், அலுமினியச் சட்டகம் அதற்கு முன்னால் நிற்காது. சக்கரம் பூட்டி நாலு சக்கர மோட்டர் வண்டியால் இழுக்கலாம், கரை செங்குத்தென்றால் மிதவைப் படகு வைத்திருக்கும் ஆட்களைப் பிடிக்க வேண்டும், அவர்களை ஓகஸ்டிலேயே பதிந்துவையுங்கள். வசந்த வெள்ளம் எட்டாத உயரத்தில் நிறுத்தி, மேடையை இறக்கிக் கேபிளின் இறுக்கத்தைத் தளர்த்தி விடுங்கள். ஹைட்ரோலிக் என்றால் தண்டு உள்ளே போயிருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பளபளப்பு அரிபட்டு அடுத்த வருடம் எண்ணெய் கசியும். பற்றரி வீட்டுக்குள்.

வெளியே எடுத்த அன்றே ஒட்டியிருக்கும் வரிக்குதிரை மட்டிகளை (ஸீப்ரா மசல் என்ற சின்னச் சிப்பிகள்) சுரண்டிவிடுங்கள், காய்ந்தபிறகு சீமெந்துபோல் பிடித்துக்கொள்ளும். பழைய லிஃப்ட் வாங்குபவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மட்டிகள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழிகளில் பழைய லிஃப்டும் ஒன்று. மினசோட்டாவில் வெளியே எடுத்த லிஃப்டை இன்னொரு நீர்நிலையில் இறக்க 21 நாள் பொறுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, இங்கேயும் அவ்வளவு நாள் காயவிடுவது நல்ல பழக்கம்.

பழையது வாங்குவது தப்பில்லை, விலை பாதியாக வரும். ஒட்டு வைத்த மூலைகளில் கீறல் இருக்கிறதா, கால்கள் நேராக நிற்கின்றனவா, எத்தனை இறாத்தல் என்று குறித்த தகடு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், தகடு இல்லாத லிஃப்டை விற்பவரின் வாயை நம்பி எடுக்க வேண்டாம். புதுக் கேபிளுக்கும் ஏற்றி இறக்கும் லொறிக்கும் ஆகும் செலவைக் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.